கைப்பிள்ளையின் கார் சீட்டை எவ்வளவு சாய்க்க வேண்டும்?

(ஆழ்வார்திருநகரியில் நடந்த கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் கள ஒருங்கிணைப்பாளர் பேசியது. அன்று வர முடியாத உறுப்பினர்களுக்காக எழுத்தில் தரப்படுகிறது.)



வரவு செலவு வாசித்தாச்சு, கடன் மனுக்களும் முடிந்தது. இனி கொஞ்ச நேரம் வேறு விஷயம். போன கூட்டத்தில் இரண்டு அக்காமார் என்னிடம் தனியாகக் கேட்ட கேள்விக்குத்தான் இந்தப் பேச்சு. ஒருவருடைய மகள் சார்ஜாவிலிருந்து ஒன்றரை வயசுப் பிள்ளையோடு லீவுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை உட்காரும் கார் சீட்டையும் விமானத்திலேயே கொண்டு வந்திருக்கிறாள். அங்கே சட்டம் அப்படி. 2017 ஜூலையிலிருந்து நாலு வயசு வரைக்கும் உள்ள பிள்ளையைக் காரில் ஏற்றினால் இந்த சீட்டு இருந்தே ஆக வேண்டும், இல்லையென்றால் 400 திர்ஹாம் அபராதம். அந்த சீட்டை இங்கே வாடகைக் காரில் மாட்டினால், பிள்ளை தூங்கியதும் தலை நெஞ்சிலே கவிழ்ந்து விடுகிறதாம். "அங்க சரியாத்தான் இருந்துச்சு, இங்க வந்தா மட்டும் ஏன் இப்படி ஆவுது?" என்பது அவர் கேள்வி. இன்னொரு அக்காவின் மகன் டாக்ஸி ஓட்டுகிறான். தன் வண்டியில் ஒரு சீட்டு வாங்கிப் போட்டால் பிரயோஜனமா என்று கேட்டனுப்பியிருக்கிறான்.

"நாம என்ன காரா வச்சிருக்கோம், நமக்கு எதுக்கும்மா இது?" என்று பின்வரிசையில் ஒரு ஆச்சி கேட்பது காதில் விழுகிறது. கார் வைத்திருக்கவில்லைதான் ஆச்சி. ஏறாமலா இருக்கிறோம்? திருச்செந்தூரில் மொட்டை போட்டுக் காது குத்த, குலதெய்வக் கோயிலுக்கு, பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரிக்கு, எல்லாத்துக்கும் வாடகைக் கார்தானே. அந்தக் காரில் பிள்ளை எங்கே இருக்கிறது? மடியில். அதுவும் வேடிக்கை பார்க்கட்டும் என்று டிரைவர் பக்கத்து முன் சீட்டில்.

மடியில் இறுக்கிப் பிடித்துக்கொள்வேன் என்று எல்லோரும் சொல்கிறோம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். வண்டி 40 கிலோமீட்டர் வேகத்தில்தான் போகிறது, வேகமே இல்லை. எதிரே வந்த லாரியிலோ புளியமரத்திலோ முட்டி, அரை மீட்டர் தூரத்துக்குள் நின்று விடுகிறது என்று வையுங்கள். பத்து கிலோ பிள்ளை அந்த நேரம் 120 கிலோவுக்கு மேல் கனத்தோடு முன்னால் போகும். இரண்டு சிமெண்ட் மூட்டைக்கும் மேலே. எந்தத் தாயாலும் இரண்டு மூட்டையைக் கண்ணிமைக்கும் நேரத்தில் பிடித்து நிறுத்த முடியாது. பாசம் குறைவு என்று அர்த்தம் இல்லை, கைக்கு அவ்வளவு பலம் கிடையாது. பிள்ளையையும் சேர்த்து ஒரே பெல்ட்டைப் போட்டுக்கொள்கிறவர்களும் உண்டு. அது இன்னும் மோசம். நம் உடம்பின் கனம் முழுவதும் பிள்ளையைப் பெல்ட்டோடு சேர்த்து நசுக்கும்.

அதனால்தான் தனி சீட்டு. அதிலும் சின்னப் பிள்ளைக்கு வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்து உட்காருகிற சீட்டு. அது ஏன் என்று நமக்குத் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. பச்சைப்பிள்ளையைத் தூக்கும்போது தலைக்குக் கை கொடு என்று எத்தனை மருமகளுக்குச் சொல்லியிருப்போம்! பிறந்த பிள்ளைக்கு உடம்பு நீளத்தில் காலே அரைக்கால் தலை அல்ல, நாலில் ஒரு பங்கு தலை. கழுத்தெலும்போ இன்னும் குருத்தெலும்பாகத்தான் இருக்கும். முன்பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தால், மோதும்போது உடம்பைப் பெல்ட் பிடித்துக்கொள்ளும், தலை மட்டும் பறக்கும், கழுத்து இழுபடும். பின்பக்கம் பார்த்து இருந்தால் தலை, கழுத்து, முதுகு மூன்றும் ஒன்றாகச் சீட்டின் முதுகுப்பலகையில் பதியும். நாம் உள்ளங்கையில் தாங்குவது மாதிரி சீட்டு தாங்கும்.

இதை யோசித்தவர் சுவீடன் நாட்டு பெர்டில் ஆல்ட்மேன் என்கிற டாக்டர். விண்வெளிக்குப் போகிறவர்கள் ராக்கெட்டில் மல்லாந்து முதுகால் விசையைத் தாங்குவதைப் பார்த்து, பிள்ளைகளுக்கும் அப்படிச் செய்தால் என்ன என்று நினைத்தார். 1964-ல் வால்வோ காரில் முதல் சீட்டை வைத்துச் சோதித்தார்கள்.

இனி சாய்மானத்துக்கு வருவோம். இதில்தான் நிறையப் பேர் தடுமாறுகிறார்கள்.

பப்பாளி இலைக்காம்பை ஊதி விளையாடியிருக்கிறோம். நேராக இருந்தால் காற்று போகும், நடுவில் மடங்கினால் நின்று விடும். கைப்பிள்ளையின் மூச்சுக்குழலும் அவ்வளவு இளசு. சீட்டு ரொம்ப நட்டமாக இருந்தால், தூங்குகிற பிள்ளையின் தலை முன்னால் விழும், தாடை நெஞ்சில் முட்டும், குழல் மடங்கும். பிள்ளை அழாது, முனகாது. தூங்குகிறது என்றுதான் நாம் நினைப்போம். இதனால் சீட்டிலேயே மூச்சு நின்ற பிள்ளைகள் உண்டு. சரி, நன்றாகப் படுக்கப் போட்டுவிடலாமே என்றால் அதுவும் ஆகாது. ரொம்பப் படுத்திருந்தால் மோதும்போது பிள்ளை முதுகுப்பலகையில் வழுக்கி, தோள்வாரை விட்டு மேலே தலைப்பக்கமாக நழுவும். சொளகில் புடைக்கும்போது சரிவு கூடினால் அரிசியும் சேர்ந்து வழிந்து விடும் அல்லவா, அந்த மாதிரி.

அப்படியென்றால் எவ்வளவு? சுவர் மாதிரி நட்டமாக நிற்பதை 0 டிகிரி என்றும், தரை மாதிரி படுத்திருப்பதை 90 டிகிரி என்றும் வைத்துக்கொள்ளுங்கள். கழுத்து நிற்காத பிள்ளைக்குச் சரிபாதி, அதாவது 45 டிகிரிக்குப் பக்கத்தில். அதற்கு மேல் சாய்க்கக் கூடாது. கழுத்து நன்றாக நின்று, தானாக உட்காரப் பழகிய பிள்ளைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்த்தி 30 டிகிரி வரைக்கும் கொண்டு வரலாம். ஒரு வயசு தாண்டிய பிள்ளைக்கு நிமிர்ந்த சாய்மானமே நல்லது. விசையை நன்றாகத் தாங்கும், பிள்ளைக்கும் ஜன்னல் தெரியும், முன் சீட்டுக்காரருக்கும் இடம் கிடைக்கும்.

டிகிரியை எப்படி அளப்பது என்று பயப்பட வேண்டாம். நூறுநாள் வேலைக்கும் கொத்து வேலைக்கும் போகிற அக்காமார் ரசமட்டம் பார்த்திருப்பீர்கள். பெரும்பாலான சீட்டுகளின் பக்கவாட்டில் அதே மாதிரி ஒரு சின்னக் குமிழியோ, ஒரு கோடோ இருக்கும். குமிழி பச்சைக்குள் நிற்க வேண்டும், கோடு தரைக்குச் சமமாக இருக்க வேண்டும். சில சீட்டில் இரண்டு கோடு போட்டிருப்பார்கள், ஒன்று பச்சைப்பிள்ளைக்கு, ஒன்று வளர்ந்த பிள்ளைக்கு. சீட்டோடு வந்த புத்தகத்தில் என்ன போட்டிருக்கிறதோ அதுதான் கணக்கு. நான் சொல்வதும் அதற்கு அப்புறம்தான். ஒத்துப்பார்க்க வேண்டுமானால், தீர்மான நோட்டில் ஒரு தாளைக் கிழித்து, மேல்விளிம்பு பக்கவிளிம்பின் மேல் படியும்படி மூலையை மடியுங்கள். அந்த மடிப்பு 45 டிகிரி. ஒரு நூலில் நட்டைக் கட்டித் தூக்குக்குண்டு மாதிரி தொங்கவிட்டு, நூலுக்கும் முதுகுப்பலகைக்கும் நடுவே அந்தத் தாளை வைத்துப் பாருங்கள். (தீர்மானம் எழுதாத தாளாகப் பார்த்துக் கிழியுங்கள்!)

பார்க்கும்போது கார் சமதரையில் நிற்க வேண்டும். வாய்க்கால் கரைச் சரிவில் நிறுத்திவிட்டுக் குமிழியைப் பார்த்தால் அது பொய் சொல்லும்.

சார்ஜா அக்காவின் கேள்விக்குப் பதிலும் இதிலேயே இருக்கிறது. ஒவ்வொரு காரிலும் பின் சீட்டு மெத்தையின் சரிவு ஒவ்வொரு மாதிரி. அங்கே அவர்கள் காரில் சரியாக இருந்த சீட்டு, இங்கே வாடகைக் காரில் நிமிர்ந்து விட்டது. சீட்டின் அடியில் சாய்மானத்தை மாற்றுகிற கைப்பிடி இருக்கும், அதை ஒரு படி மாற்றினாலே பெரும்பாலும் சரியாகிவிடும். போதவில்லை என்றால், புத்தகத்தில் அனுமதி போட்டிருந்தால், ஒரு துண்டை இறுக்கிச் சுருட்டி, கார் மெத்தையும் முதுகும் சேருகிற இடுக்கில் வையுங்கள். பிள்ளையின் கால்மாடு அந்தப் பக்கம் என்பதால் அது உயரும், தலை பின்னால் சாயும். அதற்குப் பிறகு பெல்ட்டை இறுக்குங்கள். இறுக்கியதும் திரும்பவும் குமிழியைப் பாருங்கள், ஏனென்றால் இறுக்கும்போதே சாய்மானம் மாறும். பெல்ட் போகிற இடத்தில் சீட்டைப் பிடித்து ஆட்டினால் ஒரு அங்குலத்துக்கு மேல் நகரக் கூடாது.

தலை தொங்குகிறதே என்று பின்னந்தலைக்கு அடியில் தலையணையோ துணிமடிப்போ வைக்காதீர்கள். அது தலையை இன்னும் முன்னால்தான் தள்ளும். தோள்வார் பிள்ளையின் தோள் மட்டத்திலோ, அதற்குச் சற்றுக் கீழேயோ இருந்து வர வேண்டும். விரலால் கிள்ளிப் பார்த்தால் வாரில் மடிப்பு விழக் கூடாது. கால் இடிக்குதே, மடங்குதே என்பார்கள் ஆச்சிமார். நம் பிள்ளைகள் சம்மணம் போட்டு உட்காருகிறவர்கள்தானே, ஒன்றும் ஆகாது.

முன் சீட்டில் மட்டும் இதை மாட்டவே கூடாது. 2021 ஏப்ரலுக்குப் பிறகு அறிமுகமான கார் மாடல்களில் டிரைவர் பக்கத்து இருக்கைக்கும் ஏர்பேக் உண்டு. அது வெடித்து விரியும்போது பிள்ளையின் தலைக்குப் பின்னாலேயே அடிக்கும். எப்போதும் பின் சீட்டுதான்.

கைப்பிள்ளையோடு தூரப் பயணம் என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை நிறுத்தி, வெளியே எடுத்து, பால் கொடுத்து, நிமிர்த்திப் பிடியுங்கள். பிறந்து சில வாரமே ஆன பிள்ளை என்றால் அரைமணிக்கு மேல் தொடர்ந்து வேண்டாம். வீடு வந்ததும் தூங்குகிற பிள்ளையைச் சீட்டோடு தூக்கித் திண்ணையில் வைக்காதீர்கள். மல்லாக்கப் படுக்கப் போடுங்கள். மாசம் திகையாமல் பிறந்த பிள்ளைக்குச் சீட்டில் வைக்கலாமா என்று டாக்டரிடம் கேட்டுவிட்டுத்தான்.

நம் நாட்டிலும் சட்டம் இருக்கிறது. 2019-ல் திருத்திய மோட்டார் வாகனச் சட்டத்தில், 14 வயசுக்குக் கீழே உள்ள பிள்ளை பெல்ட்டோ பிள்ளைச் சீட்டோ இல்லாமல் போனால் 1000 ரூபாய் அபராதம் என்று இருக்கிறது. பைக்கில் போகும் 9 மாதம் முதல் 4 வயசு வரை உள்ள பிள்ளைக்கு வார்கச்சையும் ஹெல்மெட்டும் வேண்டும், 40 கிலோமீட்டருக்கு மேல் ஓட்டக் கூடாது என்ற விதி 2023 பிப்ரவரியிலிருந்து உண்டு. நம்ம ரோட்டில் இதை யார் பார்க்கிறார்கள் என்பது வேறு கதை. 9 மாதத்துக்குக் கீழே உள்ள பிள்ளையைப் பைக்கில் ஏற்றாமல் இருப்பதுதான் எனக்குச் சரியாகப் படுகிறது. திருச்செந்தூருக்குத்தானே? ரயிலடியில் பாசஞ்சர் வண்டி நிற்கிறது, அதில் போகலாம்.

டாக்ஸி ஓட்டுகிற தம்பிக்கு என் பதில், வாங்கட்டும். ஆரஞ்சு நிற முத்திரைச் சீட்டு ஒட்டி, ஆர் 44 அல்லது ஆர் 129 என்று போட்டிருக்கிறதா என்று பார்க்கட்டும். ஆர் 129 என்றால் 15 மாதம் வரைக்கும் பின்பக்கம் பார்த்துத்தான் உட்கார வைக்க வேண்டும். அதற்கு அப்புறமும் சீட்டில் போட்டிருக்கிற எடையும் உயரமும் தாண்டும் வரை அப்படியே விடுவது நல்லது.

கடைசியாக ஒன்று, இதற்குத் தீர்மானம் வேண்டும். ஒரு சீட்டு சில ஆயிரம் ரூபாய் ஆகும். ஒரு வீட்டுக்கு வருஷத்தில் பத்து நாள்தான் தேவைப்படும். சமையல் பாத்திரம், சேர் வாடகைக்கு விடுகிற மாதிரி கூட்டமைப்பே இரண்டு சீட்டு வாங்கி வைத்தால் என்ன? பழசாக வாங்க வேண்டாம், அது விபத்தில் அடிபட்டதா என்று நமக்குத் தெரியாது. நம் சீட்டும் ஒருமுறை மோதலில் சிக்கினால் தூக்கிப் போட்டுவிட வேண்டும், இதை வாடகை ரசீதிலேயே எழுதி விடலாம். ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் வேறு வேறு காரில் மாட்டப் போகிறார்கள், அதனால் சாய்மானம் பார்க்கத் தெரிந்த இரண்டு பேர் நமக்குள்ளேயே வேண்டும்.

சார்ஜா அக்கா அடுத்த கூட்டத்துக்குத் தன் சீட்டைக் கொண்டு வருகிறேன் என்றிருக்கிறார். டாக்ஸித் தம்பியும் வண்டியைக் கட்டடத்து முன்னால் நிறுத்துவதாகச் சொல்லியிருக்கிறான். ஊக்குநரும் பிரதிநிதியும் கட்டாயம் வாருங்கள். ஆளுக்கொரு தடவை மாட்டிப் பார்ப்போம். வீட்டில் ரசமட்டம் இருக்கிறவர்கள் அதையும் எடுத்து வாருங்கள்.