குடும்பச் சுமையும் மூத்த பிள்ளையும்



ஒரு குடும்பத்தின் உறுதி நல்ல காலத்தில் தெரிவதில்லை. அடுப்பில் உலை கொதிக்கும் வரையில் எல்லா வீடும் ஒற்றுமையான வீடுதான். வருமானம் குறைந்து, செலவு கூடி, யாராவது ஒருவர் விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும் என்ற நிலை வரும்போதுதான், அந்த வீட்டில் யார் யாருக்காக வாழ்கிறார்கள் என்பது வெளிப்படும். தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளியில் படித்து, இன்று தோட்டப் பள்ளியிலேயே ஆசிரியப் பணி செய்து வரும் நாம், நாம் கண்டதையும் பட்டதையும் வைத்து இதைப் பற்றிச் சற்றுப் பேச விரும்புகிறோம்.

தோட்டத்துக் குடும்பத்தின் கஷ்டத்துக்கு அந்நாளில் ஒரு கால அட்டவணை இருந்தது. ரப்பர் மரத்தில் விடியற்காலைக் குளிர்ச்சியில்தான் பால் நன்றாக இறங்கும். வெயில் ஏற ஏற ஓட்டம் குறைந்துவிடும். ஆகவேதான் பால்மரம் வெட்டுவோர் இருட்டோடு எழுந்து, பிரட்டுக்குப் போய்ப் பெயர் கொடுத்துவிட்டு, விடிவதற்குள் நிரையில் நிற்பார்கள். ஒருவருக்கு 500-க்கும் மேற்பட்ட மரங்கள். மரப்பட்டை மழையில் நனைந்துவிட்டாலோ வெட்ட முடியாது. பால் வெட்டிய கோட்டில் நில்லாமல் பட்டை மீது பரவி வீணாகும். வெட்டு இல்லாத நாட்கள் கூடக் கூடச் சம்பளம் அடிபடும்.

ஜொகூர் மாநிலத்தில் குளுவாங் வட்டாரத்தில் நாங்கள் வளர்ந்தோம். அங்கே நவம்பர், டிசம்பர் மாதங்களில் அடைமழை. மழை ஓய்ந்து சற்று மூச்சு விட்டால், பிப்ரவரி, மார்ச்சில் மரங்கள் இலையுதிர்த்துப் பால் சுருங்கிவிடும். இந்த இரண்டுக்கும் நடுவே, சரியாக ஜனவரியில், பள்ளி ஆண்டு தொடங்கும். தீபாவளிக்கு வாங்கிய கடனும் அப்போது தீர்ந்திராது. சீருடை, காலணி, புத்தகப் பை, பஸ் காசு என்று பிள்ளைகள் கேட்கும் மாதமும், பெற்றோர் கையில் காசில்லாத மாதமும் ஒன்றாகவே வந்து நிற்கும்.

எங்கள் தந்தையார் இந்தக் கஷ்டத்தை எட்டு வயதிலேயே அறிந்தவர். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில், சயாமையும் பர்மாவையும் இணைக்கும் 415 கிலோமீட்டர் இரயில் பாதை போடுவதற்காக, மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக் கணக்கான தமிழர்கள் கொண்டு செல்லப்பட்டார்கள். 1943 அக்டோபரில் அந்தப் பாதை முடிந்தது. போனவர்களில் ஏராளமானோர் திரும்பி வரவில்லை. எங்கள் தாத்தாவும் வரவில்லை. பாட்டி லயத்துக்குப் பின்னால் மரவள்ளி நட்டு, அந்தக் கிழங்கை அவித்துப் போட்டே நான்கு பிள்ளைகளைக் காப்பாற்றினார். மூத்த பிள்ளையான எங்கள் தந்தையார், தம்பி தங்கைகள் தின்று முடித்த பிறகுதான் தட்டில் கை வைப்பாராம். பள்ளிக்கூட வாசலை அவர் மிதித்ததே இல்லை. "என் பிள்ளைங்க எவரும் படிப்பை நிறுத்தக் கூடாது" என்று அடிக்கடி சொல்லுவார். அப்படிச் சொன்னவரே ஒரு நாள் நிறுத்தும்படி ஆயிற்று.

நாங்கள் ஐந்து பிள்ளைகள். மூத்தவர் அக்காள். 1982-ஆம் ஆண்டு இறுதியில் அக்காள் ஆறாம் வகுப்பை முடித்தார். அடுத்த ஜனவரியில் பட்டணத்து இடைநிலைப் பள்ளியில் புகுமுக வகுப்பில் சேர வேண்டும். அந்த ஆண்டு ரப்பர் விலை விழுந்து கிடந்தது. மழையும் விடவில்லை. கடைசித் தம்பியைப் பெற்ற அம்மா படுக்கையை விட்டு எழுந்திருக்கவில்லை. ஒரு மாலை அப்பா அக்காளை அழைத்து, "ஒரு வருஷம் பொறுத்துக்கம்மா. அம்மா எழுந்து நடமாடட்டும். அப்புறம் உன்னைச் சேர்த்து விடுறேன்" என்றார். அக்காள், "சரிப்பா" என்றார். அவ்வளவுதான் பேச்சு. நாங்களெல்லாம் விவரம் அறியாத வயது. இதைப் பிற்பாடு அம்மா சொல்லித்தான் தெரிந்துகொண்டோம். அந்த ஒரு வருஷம் முடியவே இல்லை.

காலையில் அப்பாவுக்குத் துணையாக மங்கு துடைப்பது, பகலில் சமையல், கைக்குழந்தை, பிற்பகலில் கோழியும் கீரைப் பாத்தியும் என்று அக்காளின் நாட்கள் போயின. வீட்டு வரவு செலவும் அவர் கைக்கு வந்தது. அந்நாளில் மளிகைக் கடைக்காரர் கடனுக்குச் சாமான் கொடுத்து, அட்டையில் 555 என்று அச்சிட்ட சிறிய புத்தகத்தில் எழுதி வைப்பார். அக்காளும் அதே போல் ஒன்று வாங்கி வைத்துக்கொண்டார். ஜனவரி பிறந்தால் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போகும். 1972-ஆம் ஆண்டு அடகுக்காரர் சட்டப்படி, மாதம் நூற்றுக்கு 2 வெள்ளி வரை வட்டி. ஆறு மாதத்துக்குள் மீட்க வேண்டும். 200 வெள்ளி வாங்கினால் மாதம் 4 வெள்ளி, ஆறு மாதத்தில் 24 வெள்ளி. ஜூலை வருவதற்குள் 224 வெள்ளி சேர வேண்டும் என்று அக்காள் மாதா மாதம் கணக்குப் போட்டு, முட்டை விற்ற காசைக்கூட ஒதுக்கி வைப்பார். அந்தச் சங்கிலி ஒரு முறையும் கைவிட்டுப் போகவில்லை. மற்ற நால்வரின் படிப்பும் நின்றுபோகவில்லை.

ஆண்டுகள் கழிந்தன. நாம் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தோம். பயிற்சிக் காலத்தில் கிடைத்த முதல் மாதப் படித்தொகையில் அக்காளுக்கு ஒரு சேலை வாங்கிக்கொண்டு, பெருமையோடு வீட்டுக்குப் போனோம். அந்தத் தீபாவளிக்கு எல்லாரும் கூடியிருந்தார்கள். இந்த வீட்டில் யாருக்குக் கணக்கு நன்றாக வரும் என்று தம்பிமார்களுக்குள் வேடிக்கையாக ஒரு வழக்கு எழுந்தது. முறுக்குப் பிழிந்துகொண்டிருந்த அக்காள் தலை நிமிராமல், "நானும் கணக்குல வகுப்பிலேயே முதல்தான்" என்றார்.

அதில் கோபமில்லை, குத்தலும் இல்லை. ஆனால், சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை ஆண்டுகளில், "அக்கா, நீ எப்படிப் படித்தாய்? உனக்கு என்னவாக ஆசை இருந்தது?" என்று எங்களில் ஒருவரும் கேட்டதில்லை. திண்ணையிலிருந்த அப்பா, "ஒரு வருஷம்னுதான் சொன்னேன்" என்று முணுமுணுத்துவிட்டு எழுந்து வெளியே போய்விட்டார். அன்றிரவு அக்காளின் பழைய 555 புத்தகங்களைப் புரட்டிப் பார்த்தோம். எங்கள் நால்வர் பெயரிலும் பஸ் காசு, காலணி, சோதனைக் கட்டணம் என்று வரிவரியாக இருந்தது. அவர் பெயரில் ஒரு வரி இல்லை.

நேயர்களே, தியாகம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. தியாகம் செய்தவரைப் போற்றுவதும் எளிது. ஆனால், போற்றுவதோடு நம் கடமை முடிந்துவிடுகிறதா? பாட்டி காலத்தில் அப்பா சுமந்தார்; அப்பா காலத்தில் அக்காள் சுமந்தார். ஒவ்வொரு தலைமுறையிலும் மூத்த பிள்ளையின் தலையிலேயே, அதிலும் பெண் பிள்ளையின் தலையிலேயே சுமையை ஏற்றிவிட்டு, அதற்குப் பாசம் என்று பெயர் சூட்டிவிட்டால், அது குடும்பத்தின் தியாகம் ஆகாது. ஒரு பிள்ளையின் இழப்பு ஆகிவிடும்.

இது பழங்கதை என்று எண்ண வேண்டாம். தோட்டங்கள் பல மறைந்து, வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. 2003-ஆம் ஆண்டு முதல் இந்நாட்டில் தொடக்கக் கல்வி சட்டப்படி கட்டாயமாகிவிட்டது. இருந்தும், சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் பள்ளியில் ஐந்தாம் ஆண்டு மாணவி ஒருத்தி வாரத்தில் இரண்டு நாள் வருவதில்லை. வீடு தேடிப் போனோம். இடுப்பில் குழந்தையோடு நின்றிருந்தாள். தாயார் தொழிற்சாலையில் மாற்று நேர வேலை. பதினாறு வயது அண்ணன், படிப்பை முடித்து வேலைக்குக் காத்திருந்தவன், உள்ளே தூங்கிக்கொண்டிருந்தான். தாயார் வந்ததும், "குழந்தையை அண்ணன் பார்த்துக்கொள்ளலாமே அம்மா" என்றோம். "அவன் ஆம்பளப் புள்ளையாச்சே" என்றார். நாம் அவரைக் குறை சொல்லவில்லை. அவரும் ஒரு வீட்டின் மூத்த மகள்தான். நான்கு முறை போய்ப் பேசிய பிறகு, அந்தப் பையனே பால் கரைக்கக் கற்றுக்கொண்டான். தங்கை பள்ளிக்கு ஒழுங்காக வந்தாள்.

ஆகவே பெற்றோர்களுக்குச் சில வார்த்தைகள். வீட்டின் வரவையும் கடனையும் பிள்ளைகளிடம் மறைக்காதீர்கள். நிலைமை தெரிந்த பிள்ளை வீண் செலவு கேட்காது. எல்லாருக்கும் தெரிந்த சுமையை எல்லாரும் ஒரு கை பிடிக்க முடியும். ஆண் பிள்ளையும் பாத்திரம் துலக்கட்டும், தம்பியைத் தூக்கட்டும். ஒரு பிள்ளையின் படிப்பை நிறுத்த வேண்டிய நிலை வந்தால், முதலில் பள்ளிக்கு வந்து எங்களிடம் சொல்லுங்கள். சொல்லாத துன்பத்துக்கு நாங்கள் வழி தேட முடியாது. "பொறுத்துக்கொள்" என்று ஒரு பிள்ளையிடம் சொன்னால், எதுவரை என்பதையும் சொல்லி, அந்த நாளை மறவாதீர்கள். பள்ளியை விட்டு நின்றவர்களும் தனிப்பட்ட தேர்வாளர்களாக எஸ்.பி.எம். எழுத வழியுண்டு. காலம் போய்விட்டதே என்று கைவிட வேண்டியதில்லை.

தம்பி தங்கைகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களுக்காக நின்றுபோனவர் யார் என்று விசாரியுங்கள். அவர் உயிரோடு இருக்கும்போதே, "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேளுங்கள். நாங்கள் கேட்டபோது அக்காள், "என் மக படிப்பு நிக்கக் கூடாது" என்றார்.

சில ஆண்டுகள் கழித்து அவர் மகள் இடைநிலைப் பள்ளியில் சேர்ந்தபோது, நாங்கள் நால்வரும் ஒரு 555 புத்தகம் வாங்கி, முதல் பக்கத்தில் அந்தப் பெண்ணின் பெயரை எழுதி, அவரவர் மாதா மாதம் கொடுக்க வேண்டிய பங்கைக் குறித்துக் கூட்டுத் தொகையும் போட்டு, அக்காளிடம் கொடுத்தோம். அக்காள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு மேலிருந்து கீழாக ஒரு முறை பார்த்தார். பிறகு பேனாவை வாங்கி, நாங்கள் தவறாகப் போட்டிருந்த கூட்டலைத் திருத்தினார்.