வெட்டிவேர் நட்ட கதை

பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன், தப்பிருந்தா பொறுத்துக்கோங்க.

வெட்டிவேர் ஒரு புல். ஆள் உயரத்துக்கு வளர்ந்து ஊதா நிறத்தில் கதிர் விடும். விதையை நம்ப முடியாது, தூரைப் பிரிச்சுத்தான் நடணும். வேர் பக்கவாட்டில் ஓடாமல் நேரா கீழே, பத்தடி வரைக்கும்கூட இறங்கும். வெயிலும் தாங்கும், தண்ணி நின்னாலும் தாங்கும். நிழல்தான் ஆகாது.

எதையும் தாங்கும்னு கேட்டுத்தான் ஏமாந்தோம். குழுக் கடன் வாங்கி எங்க களிமண் நிலத்தில் நட்டோம். புல் ஜோரா வந்தது. வருஷம் கழிச்சுத் தோண்டினா மண் விடவே இல்லை, வேர் துண்டு துண்டா அறுந்தது. வியாபாரி பாதி விலைகூடக் கொடுக்கலை. வரப்பிலேயே உட்கார்ந்து அழுதேன். தவணையை எல்லாரும் கூலிக்குப் போய்த்தான் கட்டினோம்.

கடலூர்ப் பக்கம் மணல் நிலத்தில் ஏன் போடுறாங்கன்னு அப்புறம்தான் புரிஞ்சது. மணலில் வேர் முழுசா வரும். இப்ப மணல்காடு ஒண்ணைக் குத்தகைக்கு எடுத்து, பழைய தூரையே பிரிச்சு நட்டிருக்கோம். தை மாசம் தோண்டணும். களிமண்காரங்க வரப்புக்கு மட்டும் நடுங்க, மண் கரையாது. தூர் வேணும்னா எங்க வீட்டுக்கு வாங்க, சும்மாவே தரேன்.