ஓநாய்ப் பெண்
(ஒரு சொற்பொழிவு)



இன்று சினிமாவைப் பற்றிப் பேசப் போகின்றோம் என்றதும் சிலர் சிரித்தீர்கள். மனிதன் ஓநாயாக மாறுகின்ற வெள்ளைக்காரர் படத்தில் பகுத்தறிவுக்கு என்ன வேலை என்று கேட்கலாம். வேலை இருக்கின்றது. ஒரு பெண் வயதுக்கு வருவதைக் கண்டு ஊரார் எவ்வளவு பயப்படுகின்றார்கள் என்பது அப்படங்களில் அப்பட்டமாய்த் தெரிகின்றது.

மனிதன் ஓநாயாவான் என்று ஐரோப்பாவில் வெகுகாலம் நம்பினார்கள். நம்பியதோடு விட்டார்களா? 1589-ல் ஜெர்மனியில் கொலோன் நகருக்கு அருகில் பீட்டர் ஸ்டும்ப் என்பவனை ஓநாய் மனிதன் என்று சொல்லிச் சித்திரவதை செய்து கொன்றார்கள். அவன் மகளையும், அவனுடைய ஆசைநாயகியையும் கூடவே கொன்றார்கள். ஓநாயானதாகச் சொல்லப்பட்டவன் ஒரு ஆண். செத்த மூவரில் இருவர் பெண்கள்!

நிற்க. சினிமாவில் இந்தக் கதை 1941-ல் வந்த 'தி வுல்ஃப் மேன்' என்னும் அமெரிக்கப் படத்தினால் பிரபலமாயிற்று. அதிலும் ஓநாயாகின்றவன் ஆண்தான். 1957-ல் பள்ளிக்கூடப் பையன் ஒருவனை ஓநாயாக்கினார்கள். பெண்ணின் முறை சரியாக வந்தது 2000-ல், கனடா தேசத்தில். 'ஜிஞ்சர் ஸ்நாப்ஸ்' என்று படத்துக்குப் பெயர். கதை எழுதியவர் கரன் வால்டன் என்னும் பெண். படம் பிடித்தவர் ஜான் ஃபாசெட்.

ஜிஞ்சர், பிரிஜிட் என்று அக்காள் தங்கை இருவர். அக்காளுக்குப் பதினாறு வயது நெருங்கியும் ருதுவாகவில்லை. முதன்முதல் உதிரம் கண்ட அன்றிரவே ஒரு மிருகம் அவளைக் கடித்துவிடுகின்றது. பிறகு கண்ட இடத்தில் ரோமம், வலி, கோபம், ஆசை, கடைசியில் ஒரு வால்! தங்கை பயந்துபோகின்றாள். பள்ளிக்கூட நர்சம்மாளிடம் போய்க் கேட்கின்றார்கள். அந்த அம்மாள் சிரித்த முகத்தோடு, இதெல்லாம் சகஜம் என்று சொல்லி அனுப்பிவிடுகின்றாள். தாயாருக்கோ மகள் பெரியவளானதில் ஒரே சந்தோஷம். அவள் முகத்தை மட்டும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தகப்பனாருக்கு அந்தப் பேச்சே ஆகாது.

ஒருவரும் கொடியவரல்ல. எல்லோரும் பிரியமாகத்தான் இருக்கின்றார்கள். ஆனால் தனக்கு என்ன நேர்கின்றதென்று கேட்ட பெண்ணுக்குப் பதில் மட்டும் இல்லை. தீட்டு என்று மூலையில் உட்கார வைப்பது ஒருவித வாயடைப்பு. சகஜம் என்று தட்டிக்கழிப்பது நாகரிகமான வாயடைப்பு. தாய்மார்களே, உங்கள் பெண் நாளைக்கு வந்து கேட்டால் என்ன சொல்வீர்கள்? உங்களுக்கு யார் சொன்னார்கள்?

இதில் சந்திரனை வேறு இழுத்துவிடுகின்றார்கள். பௌர்ணமிக்குப் பௌர்ணமி சுமார் 29½ நாள். மாதவிலக்கோ 21 நாள் முதல் 35 நாள் வரை ஆளுக்கு ஆள் மாறும். சந்திரன்தான் காரணமென்றால் ஊரிலுள்ள பெண்களுக்கெல்லாம் ஒரே நாளில் வரவேண்டாமா? மூளைக்கு அடியிலுள்ள ஒரு சிறு சுரப்பியும் சூற்பையும் செய்கின்ற காரியத்துக்கு ஆகாயத்தில் காரணம் தேடுகின்றார்கள். விலக்கான பெண் அருகில் வந்தால் புது திராட்சை ரசம் புளிக்கும், கண்ணாடி மங்கும், தேனீ சாகும் என்று ரோமாபுரிப் பண்டிதர் பிளினி ஏறக்குறைய 1,900 வருஷங்களுக்கு முன் எழுதிவைத்தார். அவர் பெரிய படிப்பாளி! ஒரு தேன்கூட்டருகே ஒரு பெண்ணை நிறுத்திப் பார்க்க அவருக்கு நேரமில்லை போலும்.

படத்தின் முடிவில் தங்கை கையிலிருக்கும் கத்தியிலேயே அக்காள் சாகின்றாள். அவள் கொலை செய்தவள் என்பது உண்மைதான். என்றாலும் நாம் இம்முடிவை ஒப்பவில்லை. ஆசைப்பட்டவளும் கோபப்பட்டவளும் செத்தே தீரவேண்டும் என்ற பழைய கணக்கைப் பெண் எழுதிய கதையிலும் தீர்த்துவிட்டார்களே என்றுதான் வருத்தம்.

2014-ல் டென்மார்க்கில் இன்னொரு படம் வந்தது. 'மிருகங்கள் கனவு காணும்போது' என்பது அதன் பெயருக்கு அர்த்தம். யோனாஸ் அலெக்ஸாண்டர் ஆர்ன்பி எடுத்தது. கடலோரக் கிராமம், மரீ என்ற பதினாறு வயதுப் பெண் மீன் தொழிற்சாலையில் வேலைக்குப் போகின்றாள். தாயார் சக்கர நாற்காலியில் பேச்சற்றுக் கிடக்கின்றாள். ஏதோ வியாதியென்றுதான் நாமும் நினைத்தோம். பார்த்தால், டாக்டரும் புருஷனுமாக மருந்து கொடுத்து அவளை அப்படி வைத்திருக்கின்றார்கள்! அவளுக்குள் ஓநாய் இருக்கின்றது என்று ஊருக்கே பயம். புருஷன் அவளைக் குளிப்பாட்டிப் பராமரிக்கின்றான், அன்புள்ளவன்தான், மருந்தையும் அவனே கொடுக்கின்றான். மகளுக்கு மார்பில் ரோமம் கண்டதும் அதே மருந்து அவளுக்கும் வருகின்றது.

மரீ வேண்டாமென்கின்றாள். அதற்காக ஊரார் துரத்துகின்றார்கள். தாயார் குளியல் தொட்டியில் பிணமாய்க் கிடக்கின்றாள். மகளைக் கப்பலில் அடைக்கின்றார்கள். ஆனால் இந்தப் பெண் சாகவில்லை. இவள் இன்னாளென்று தெரிந்தும் விட்டு ஓடாத வாலிபன் ஒருவனோடு, உயிரோடு, கப்பலில் இருக்கின்றாள். படம் அங்கே முடிகின்றது.