குப்பைமேட்டு வாயில்



எருசலேமின் மதில் இடிந்து கிடக்கிறது என்று கேள்விப்பட்ட நெகேமியா உட்கார்ந்து அழுதார். பிறகு யாரிடமும் சொல்லாமல் இரவில் போய்ச் சுற்றிப் பார்த்தார். குப்பைமேட்டு வாயிலையும் விடவில்லை.

நம் தமிழர் பலர் பிழைக்கப் போன கோலார் தங்கவயலில், மலம் அள்ளும் குடும்பத்தில் பிறந்தவர் பெஜவாடா வில்சன். குழிக்குள் விழுந்த வாளியை ஒருவர் வெறுங்கையால் துழாவி எடுப்பதைப் பார்த்து அவரும் அழுதார். 1986இல், இருபது வயதில், அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதத் தொடங்கினார். பதிலில்லை. கழிப்பிடங்களைப் படம் எடுத்தார். தோழர்களோடு சஃபாய் கரம்சாரி ஆந்தோலன் இயக்கத்தை உருவாக்கினார். இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றம் போனது. சாக்கடைக்குள் இறந்தவர் குடும்பத்துக்குப் 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்ற தீர்ப்பு வர 2014 ஆயிற்று. 2016இல் மகசேசே விருது கிடைத்தபோதுதான் நம்மில் பலர் அவர் பெயரையே கேட்டோம்.

சேதராப்பட்டு தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள், “ஊருக்கு ஏதாவது செய்யணும் சாமி” என்று வந்து நிற்கிறார்கள். நாமோ முதலில் சங்கத்துக்குப் பெயர் தேடுகிறோம், பேனரும் அடித்துவிடுகிறோம்! நம் வீட்டு செப்டிக் டேங்க்கைச் சுத்தம் செய்ய வருகிறவர் எந்தத் தெரு, அவர் பிள்ளை என்ன படிக்கிறது? நமக்கே தெரியாது, வெட்கத்தோடுதான் சொல்கிறோம். பாதுகாப்பு இல்லாமல் அவரை உள்ளே இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம் என்பதாவது தெரியுமா?

ஞாயிறு பூசை முடிந்ததும் இளையோர் அவர் வீட்டுக்குப் போகட்டும். நாமும் கூடவே போவோம்.