வாத்தியமும் பந்தும்



வெளிமாநிலங்களில் வாழும் நம் குடும்பத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளி விட்டபின் எஞ்சுவது மாலைப்பொழுது ஒன்றே. அதைப் பள்ளியின் வாத்தியக் குழுவும் கேட்கிறது. விளையாட்டு மைதானமும் கேட்கிறது. தனியே வயலின் சாதகம் செய்வதாயின் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம். குழுவின் ஒத்திகைக்கோ ஒருவர் வராவிடினும் எல்லோர்க்கும் குறை. பந்தாட்ட அணியின் நிலையும் அதுவே. ஆகவே, இரண்டில் ஒன்றை விட்டுவிடு என்று பெற்றோர் தீர்ப்புக் கூறிவிடுகின்றனர். அங்ஙனம் கூறுமுன் அமெரிக்க இசைமேதை சார்லஸ் ஐவ்ஸின் இளமையைச் சற்று நோக்குதல் நலம்.

1874-இல் கனெக்டிகட் மாநிலத்து டான்பரி நகரில் பிறந்தவர் ஐவ்ஸ். தந்தை ஊர்ப் பாண்டுக் குழுவின் தலைவர். மகனுக்கு முதல் ஆசானும் அவரே. 14-ஆம் வயதிலேயே ஐவ்ஸ் தேவாலயத்தில் ஊதியம் பெற்று ஆர்கன் வாசித்தார். எனினும், தோழர்கள் வெளியே பந்தாடும்போது தாம் பியானோவின் முன் அமர்ந்திருப்பது அவருக்கு நாணமாயிருந்தது. ஆங்கிலத்தில் வாசிப்பதற்கும் ஆடுவதற்கும் சொல் ஒன்றே. ‘என்ன வாசிப்பாய்?’ என்று கேட்டவர்க்கு, பேஸ்பால் மைதானத்தில் தாம் நிற்கும் இடத்தின் பெயரையே அவர் விடையாகச் சொல்வாராம்!

பின்னர் நியூ ஹேவன் நகரப் பள்ளியில் அணிக்குப் பந்து வீசினார், ஆர்கனையும் விடவில்லை. யேல் பல்கலைக்கழகத்தில் அவருடைய பயிற்சியாளர், இசையில் இத்தனை நேரம் செலவிடாவிடில் இவர் சிறந்த ஓட்டவீரராகியிருப்பாரே என்று வருந்தினாராம். ஆம், இரண்டையும் பற்றியவருக்கு ஓர் இழப்பு இருக்கவே செய்தது. அதை மறைத்தல் முறையன்று.

ஆனால் ஆதாயத்தையும் எண்ணுங்கள். 1897-இல் யேலும் பிரின்ஸ்டனும் மோதிய கால்பந்துப் போட்டியை அவர் இசையாக வடித்தார். பேஸ்பாலில் முன்னோக்கி ஓடியவர், பந்து எல்லைக்குப் புறம்பே விழுந்ததால் வந்த வழியே திரும்புகிறார்; அதனை வைத்து, சென்ற வழியே திரும்பும் ஓர் இசைத்துணுக்கும் இயற்றினார். மைதானத்தில் கண்டதும் கேட்டதும் இசைக்கு உரமாயின. தம் மூன்றாவது சிம்பனிக்காக 1947-இல் அவர் புலிட்சர் பரிசு பெற்றார்.

எல்லாப் பிள்ளைகளும் ஐவ்ஸ் ஆகமாட்டார்கள். ஆயினும் ஆண்டுத் தொடக்கத்திலேயே ஒத்திகை நாட்களையும் ஆட்ட நாட்களையும் ஒரு தாளில் எழுதி இரு ஆசிரியரிடமும் காட்டினால் பல மோதல்கள் தாமே நீங்கும். எஞ்சிய ஒரு நாளில் எதை விடுவது என்பதைப் பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும். இழப்பைத் தாங்கப்போவது அவனல்லவா?