ஒரே வீடு, மூணு மாவட்டம்: அரியலூரின் கதை

காலேஜ் அட்மிஷனுக்கு முதல் தடவை தாம்பரம் வந்தப்ப, கவுன்ட்டர்ல இருந்தவர் என் சர்டிபிகேட்டை எல்லாம் வரிசையா வெச்சுப் பார்த்துட்டு, “தம்பி, எத்தனை தடவை வீடு மாறினீங்க?”ன்னு கேட்டார். பிறப்புச் சான்றிதழ்ல திருச்சி மாவட்டம். சாதிச் சான்றிதழ்ல பெரம்பலூர். இருப்பிடச் சான்றிதழ்ல அரியலூர்.

நாங்க வீடு மாறவே இல்லை. ஜெயங்கொண்டம் பக்கத்துல அதே ஓட்டு வீடுதான். மாறினது மாவட்டம்.

நான் பிறந்தது 1995 கோடையில். அப்புறம் அதே வருஷம் திருச்சியைப் பிரிச்சு, எங்க பகுதியைப் பெரம்பலூர் மாவட்டத்துல சேர்த்தாங்க. 2001 ஜனவரி 1-ல் அரியலூர் தனி மாவட்டம் ஆச்சு. ஒண்ணேகால் வருஷம்தான், 2002 மார்ச் 31-ல் திரும்பப் பெரம்பலூரோட இணைச்சுட்டாங்க. 2007 நவம்பர் 23-ல் மறுபடியும் தனி மாவட்டம்.

ஏன் இவ்வளவு தடுமாற்றம்? ஆள் கம்மி. 2011 கணக்கெடுப்புப்படி அரியலூர் மாவட்ட மக்கள்தொகை 7,54,894. நம்ம தாம்பரம் மாநகராட்சிக்குள்ள வர்ற ஊர்களைக் கூட்டினாலே அதே கணக்குல 7 லட்சத்தைத் தாண்டும். ஆனா தாம்பரம் சுமார் 87 சதுர கிலோமீட்டர். அரியலூர் சுமார் 1,940. அங்க நூறு பேர்ல கிட்டத்தட்ட 89 பேர் கிராமத்துல இருக்காங்க.

இத்தனைக்கும் அது சாதாரண ஊர் இல்லை. ராஜேந்திர சோழன் கட்டின கங்கைகொண்ட சோழபுரம் அங்கதான் இருக்கு. சுமார் 250 வருஷம் சோழர்களோட தலைநகர். இன்னிக்கு அதைச் சுத்தி முந்திரிக்காடு, இன்னொரு பக்கம் சுண்ணாம்புக்கல் சுரங்கம், சிமென்ட் லாரி. படிச்ச பசங்க பாதிப் பேர் பெருங்களத்தூர்ல பஸ்ஸுக்கு நின்னவங்க, இப்போ கிளாம்பாக்கத்துல நிக்கிறாங்க.

“7 லட்சம் பேருக்கு எதுக்குத் தனி மாவட்டம்?”னு ஃப்ரெண்ட்ஸ் கேட்பாங்க. நான் எங்க அப்பாயியோட முதியோர் பென்ஷன் மனுவைத்தான் சொல்லுவேன். கலெக்டர்கிட்ட மனு கொடுக்கணும்னா அப்பா விடியக்காலையில கிளம்பி, அரியலூரைத் தாண்டி பெரம்பலூர் போகணும். அன்னிக்குக் கூலி போச்சு. மாவட்டம் பிரிஞ்ச பிறகு அந்தத் தூரம் ஏறக்குறைய பாதியாச்சு. மதியத்துக்குள்ள வீடு திரும்பினா பாதி நாள் வேலையாவது பார்க்கலாம்.

2019 நவம்பர் 29-ல் காஞ்சிபுரத்துல இருந்து செங்கல்பட்டு பிரிஞ்சப்ப, தாம்பரத்துக்காரங்களுக்கும் அட்ரஸ் மாறுச்சு. ஆனா இங்க இருந்து செங்கல்பட்டுக்கு மின்சார ரயில் இருக்கு. எங்க ஊர்ல இருப்பது எப்பவாவது வர்ற டவுன் பஸ்தான்.

அதனால, ஒரு மாவட்டம் வேணுமா வேண்டாமான்னு பேசும்போது தலையை மட்டும் எண்ணாதீங்க, கிலோமீட்டரையும் எண்ணுங்க. ஆள் குறைவா இருக்கிற இடத்துலதான் ஆபீஸ் ரொம்பத் தூரமாப் போயிடுது.

உங்க சர்டிபிகேட்ல எத்தனை மாவட்டம் இருக்கு? எடுத்துப் பார்த்துட்டுச் சொல்லுங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.