நெஞ்செரிச்சலும் வெப்பச் சிகிச்சையும்

(ஆலயத் திருவிழாவையொட்டி நடைபெற்ற மருத்துவக் கருத்தரங்கில் ஆற்றிய உரை)



உண்டபின் நெஞ்சு எரிவதை நம்மவர்கள் நோயாகவே கருதுவதில்லை. மருந்துக் கடையில் ஒரு மாத்திரையை வாங்கி விழுங்கிவிட்டு ஆண்டுக் கணக்கில் காலம் கழிப்போர் பலர். மலேசியாவில் நிகழ்த்தப்பட்டு 2004இல் வெளியான ஆய்வொன்று, ‘பாரட் உணவுக்குழாய்’ எனும் நிலை மற்ற இனத்தவரைவிட இந்தியரிடையே மிகுதி எனக் கூறியது. ஆதலின் இப்பொருளை இம்மேடையில் எடுத்துரைப்பது தகும் என எண்ணினேன்.

இலண்டன் அறுவை மருத்துவர் நார்மன் பாரட் 1950இல் எழுதிய கட்டுரையால் இந்நிலை அவர் பெயரைப் பெற்றது. அதை மார்புக்குள் இழுக்கப்பட்ட இரைப்பை என்றே அவர் அப்போது கருதினார். 1957இல் கருத்தை மாற்றிக்கொண்டார். பெயர் மட்டும் நிலைத்துவிட்டது!

இரைப்பையின் அமிலம் மேலேறி உணவுக்குழாயின் உட்சவ்வை அரிக்க, நாளடைவில் அச்சவ்வு குடலின் உட்சவ்வைப் போல உருமாறுகிறது. மாறிய சவ்வு அமிலத்தை ஓரளவு தாங்கவல்லது. ஆகவே சிலருக்கு எரிச்சல் தணிந்தும் போகிறது. நோய் நீங்கிற்று என அவர்கள் மகிழ்கின்றனர். ஆபத்து அங்கேதான் உள்ளது.

உருமாற்றம் கண்ட அனைவருக்கும் புற்றுநோய் வருவதில்லை. மிகச் சிலருக்கே வரும். பெரும்பாலோருக்கு மருந்தும் கண்காணிப்பும் போதும். ஆனால் எண்டோஸ்கோப்பி வழியே எடுத்த திசுவில் செல்களின் ஒழுங்கு குலைந்திருப்பின் நிலைமை வேறு. முன்னாளில், ஒழுங்குகுலைவு முற்றியவர்களுக்கு உணவுக்குழாயையே வெட்டியெடுக்கும் பெரிய அறுவையைச் செய்தனர்.

இன்று அதற்கு மாற்றாக ரேடியோ அலை வெப்பச் சிகிச்சை உள்ளது. மேடாகத் தெரியும் பகுதிகளை முதலில் எண்டோஸ்கோப்பி வழியே அகற்றுவர். பின்னர், மின்முனைகள் சுற்றிலும் பதிந்த ஒரு சிறு பலூனை உணவுக்குழாயினுள் செலுத்தி விரிப்பர். ஒரு விநாடிக்கும் குறைவான நேரமே ஆற்றல் பாயும். வெப்பம் ஒரு மில்லிமீட்டர் ஆழத்தைத் தாண்டாதவாறு அளவிடப்பட்டிருப்பதால், கெட்ட சவ்வு மட்டும் கருகும். அடியிலுள்ள தசை தப்பும். அமிலத்தை அடக்கும் மருந்தை உட்கொண்டு வந்தால், அவ்விடத்தில் இயல்பான சவ்வு மீண்டும் வளரும். ஒருமுறையில் முடிவதன்று, சில மாத இடைவெளியில் மறுபடியும் செய்ய நேரிடும்.

பயன் உண்டா? அமெரிக்காவில் 127 பேரிடம் நடத்தி 2009இல் வெளியிட்ட ஆய்வில், முற்றிய ஒழுங்குகுலைவு சிகிச்சை பெற்றோருள் 81 விழுக்காட்டினருக்கு மறைந்தது. போலிச் சிகிச்சை பெற்றோருள் 19 விழுக்காட்டினருக்கே மறைந்தது. ஓராண்டுக்குள் புற்றுநோய் கண்டோர் முறையே 1.2, 9.3 விழுக்காட்டினர்.

தீங்கே இல்லையென்று சொல்வதற்கில்லை. சில நாள் நெஞ்சுவலி இருக்கும். கஞ்சி போன்ற மென்மையான உணவே ஏற்றது. அவ்வாய்வில் நூற்றுக்கு 6 பேருக்கு உணவுக்குழாய் குறுகிற்று. அதனை விரித்துச் சரிசெய்தனர். உருமாற்றம் திரும்பவும் தோன்றக்கூடும் என்பதால், குணமடைந்த பின்னும் எண்டோஸ்கோப்பிப் பரிசோதனையைக் கைவிடலாகாது.

பல்லாண்டு எரிச்சல் உடையோர், அதிலும் ஐம்பது வயதைக் கடந்த, உடற்பருமனோ புகைப்பழக்கமோ உள்ள ஆடவர், எண்டோஸ்கோப்பி தேவையா என மருத்துவரிடம் கேட்டறிக. விழுங்கும்போது உணவு தடைபட்டாலோ, காரணமின்றி எடை குறைந்தாலோ, அடுத்த திருவிழா வரை காத்திராதீர்கள்.